படுக்கையறைச் சுவர்

ஜூன் 4

மகள் போன் செய்தாள். அடுத்த மாதம் ஒரு வாரம் பேத்தியோடு வருகிறாளாம். ஆனால் தங்குவது லாட்ஜில்!

"கோவிச்சுக்காதம்மா. போன தடவை உன் ரூம்ல படுத்துதான் பாப்பாவுக்கு மூச்சு இழுத்துச்சு. பூஞ்சை இருக்கிற இடத்துப் பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

போனை வைத்துவிட்டுக் கட்டிலை இழுத்துப் பார்த்தேன். சுவரின் அடியிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் கறுப்பும் பச்சையுமாக அப்பிக் கிடக்கிறது. நாள் முழுக்கக் குடிநீர் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஊரார் வீட்டுக் குழாய் ஒழுகுவதை எல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிறவள் நான். என் வீட்டைக் கேட்க நாதியில்லை.

லாட்ஜாம் லாட்ஜ். பெற்றவள் உயிரோடு இருக்கும்போதே!

ஜூன் 7

வெள்ளை பெயிண்ட் அடித்தாயிற்று. படம் எடுத்து அனுப்பினேன். "சூப்பர்மா! அப்ப உன் வீட்டுக்கே வந்துடறோம்" என்றாள். இன்று வாய்விட்டுப் பாடிக்கொண்டே சமைத்தேன்.

ஜூன் 15

பெயிண்ட் உப்பிக்கொண்டு, அடியிலிருந்து கறுப்பு எட்டிப் பார்க்கிறது. அத்தனை உழைப்பும் தண்டம். அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 16

இன்று செத்துப் பிழைத்தேன்.

பூஞ்சையைக் கழுவ ப்ளீச் மட்டும் போதாது என்று கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் அதே வாளியில் ஊற்றினேன். சேர்ந்தால் நன்றாகக் கேட்கும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல! குப்பென்று ஒரு நெடி. கண்ணும் தொண்டையும் பற்றி எரிந்தன. தட்டுத் தடுமாறி வெளியே ஓடி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். நான் உம்மணாமூஞ்சி என்று பேர் வைத்திருக்கும் மனிதர். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். அப்படியே நின்றார், பிறகு உள்ளே போய்விட்டார்.

எரிச்சல் அடங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன், டாக்டரம்மா நன்றாகத் திட்டினாள். "ரெண்டையும் கலந்தா விஷ வாயு கிளம்பும்மா! பூஞ்சைக்கு மேல பெயிண்டும் அடிக்கக் கூடாது. முதல்ல ஈரம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. அப்புறம் சோப்புத் தண்ணி போட்டுத் தேய்ங்க, போதும்." கடைசியில், "வீட்டுல கூட யாரு இருக்கா?" என்றாள்.

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஜூன் 18

ஆபீசில் குழாய் வேலை பார்க்கும் பையனைக் கூட்டி வந்து காட்டினேன். எங்கும் கசிவு இல்லை. கொடியில் தொங்கிய துணிகளைப் பார்த்தான். "உள்ளேயே காயப்போட்டு, ஜன்னலையும் சாத்தி வச்சா ஈரம் எங்கக்கா போகும்? ஏன் திறக்கறதே இல்ல?"

கொசு என்றேன்.

கொசுவாவது ஒன்றாவது. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீடு, அங்கே சாயங்காலமானால் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒரே சண்டை, ஒரே சிரிப்பு. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. வயிற்றெரிச்சல், அவ்வளவுதான்.

ஜூன் 20

ஜன்னலைத் திறந்துவிட்டேன். மாஸ்க், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. நிலைக்கண்ணாடியில் பார்த்தால் எனக்கே திருடன் மாதிரி இருந்தது. சுவரை முதலில் நனைத்துக்கொண்டேன், காய்ந்தபடி சுரண்டினால் தூள் வீடெங்கும் பறந்து பரவுமாம். உப்பிய பெயிண்டைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, துடைத்து, மறுபடி தேய்த்து... துடைத்த துணிகளை அங்கேயே கவரில் போட்டுக் கட்டினேன். மெத்தையின் உள்ளேயும் பூத்திருந்தது. அதைக் கழுவிப் பயனில்லை, தூக்கிப் போட்டேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. மின்விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன்.

ஜூன் 27

சுவர் சுத்தமாகக் காய்ந்துவிட்டது. புது மெத்தை வந்தாயிற்று. கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டேன். துணி இனி மொட்டை மாடியில்தான். ஒரு வாரம் லீவுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வரட்டும், சுவரில் மூக்கை வைத்து மோந்து பார்க்கட்டும்.

ஜூலை 2

வரவில்லையாம்.

"உன் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கலம்மா. அவங்க அம்மாவுக்கும் உடம்பு சரியில்ல. அடுத்த லீவுக்குக் கண்டிப்பா வர்றோம், என்ன?"

"அதுக்கென்னடி, பரவால்ல" என்றேன். எப்படித்தான் அப்படிச் சாதாரணமாக வந்ததோ அந்தக் குரல். அப்புறம் புது மெத்தையில் குப்புற விழுந்து அழுதேன். யாருக்காகத் தேய்த்தேன் இந்தச் சுவரை? லாட்ஜிலேயே தங்கட்டும், வந்திருந்தால் போதும். ஒரு தடவை கண்ணால் பார்த்திருப்பேனே பாவி.

ஜூலை 3

எழுத ஒன்றுமில்லை. வெளியே போகவில்லை.

ஜூலை 5

காலையில் கதவு தட்டும் சத்தம். தலையைக்கூட வாரவில்லை, அப்படியே போய்த் திறந்தேன். உம்மணாமூஞ்சி! சட்டைப் பொத்தானை மேலே கீழே மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"நல்லா இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன். ஏன்?"

"இல்ல... ராத்திரியில தினமும் நீங்க இருமுவீங்க. சுவத்துக்கு என் பக்கம் கேக்கும். இப்பக் கொஞ்ச நாளா கேக்கல. ரெண்டு நாளா கதவு திறக்கிற சத்தமும் இல்ல. அன்னிக்கு வேற படியில அப்படி உக்காந்திருந்தீங்களா... பயமாயிடுச்சு."

நான் இருமுவேனா? தினமுமா? சத்தியமாக எனக்குத் தெரியாது. தூக்கத்தில் இருமுகிறாய் என்று சொல்ல இந்த வீட்டில் யார் இருந்தார்கள்?

அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அந்த மனிதர் மிரண்டு ஒரு படி பின்னால் போய்விட்டார்.

"இருமல் நின்னுடுச்சுங்க. வேற ஒண்ணுமில்ல" என்றேன். "உள்ள வாங்க, டீ போடறேன்."

ரொம்ப யோசித்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"சக்கரை மட்டும் கம்மியா."