கோயிலடி மண்டபம்

மடு மாதா துணை

கெல்சென்கிர்ச்சன்
25.02.2007, தபசுகாலத்து முதல் ஞாயிறு

என் அன்பு மகள் சாண்ட்ராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ரெலிபோன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். ரெலிபோன் அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீ எடுக்கும் நேரம் அவர் எழும்பிப் போவதில்லை. ரிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கேட்காத ஆள் மாதிரி இருப்பார். அந்த இடத்தில் நின்றுகொண்டு "சாப்பிட்டியோ, குளிரோ" என்பதற்கு மேலே நான் என்னத்தைக் கதைக்க? இன்றைக்குப் பூசை முடிந்து அவரும் தங்கச்சி அன்னாவும் கால்வாய்ப் பக்கம் நடக்கப் போய்விட்டார்கள். உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளமானது, ஆறுதலாக இருந்து வாசி.

அப்பாவின் முழங்கால் நோவைத் தவிர இங்கே எல்லாருக்கும் சுகம். உன் தங்கச்சிக்கு முன் பல் விழுந்துவிட்டது. இப்போது "சாண்ட்ரா" என்று சொன்னால் உன் பெயரில் பாதிதான் வெளியே வருகிறது. சுகிர்தனின் இருமல் நின்றுவிட்டதா? ஹம்பேர்க் காற்றில் ஈரம் கூட என்று அவருடைய அம்மா கலாதேவி சொன்னா. கொத்தமல்லியும் சுக்கும் அவித்துக் கொடு. மருந்துக்கடைக் குளிசையை மட்டும் நம்பி இராதே.

இனிப் பள்ளிக்கூடக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இவ்வளவு காலமும் மூன்றாம் வகுப்பிலிருந்துதான் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அதற்குக் கீழே உள்ளதை வீட்டில் பழகிக்கொண்டு வரவேண்டும். நீயும் அப்படித்தான் போனாய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்த நான், உனக்குச் சொல்லித் தருவதற்காகவே குசினியில் இலக்கணப் புத்தகத்தை விரித்து வைத்து, எந்த இடத்தில் ண, எந்த இடத்தில் ன என்று படித்தேன். கறி அடிப்பிடித்தது உனக்கும் ஞாபகம் இருக்கும். இப்போதைய தாய் தகப்பனுக்கு அதற்கு நேரமில்லை. இருவரும் வேலை. அதனால் முதலாம், இரண்டாம் வகுப்புகளையும் தொடங்குவதென்று முடிவாகிவிட்டது. எங்கே தொடங்குவது என்பதில்தான் பிரச்சினை. இப்போது இருக்கும் கட்டடத்தில் ஒரு வாங்கு போடவும் இடமில்லை.

மூன்று இடங்கள் பேச்சில் இருந்தன. நகரசபை தருவதாகச் சொன்ன, வடக்கே பூர் பக்கம் ஒரு பள்ளிக்கூட அறை. எங்கள் கத்தோலிக்கப் பங்கு மண்டபம். பிள்ளையார் கோயிலோடு சேர்ந்த மண்டபம். பங்கு மண்டபத்துக்காகக் கதைத்தது உன் அப்பா. பிள்ளையார் மண்டபத்துக்காகக் கதைத்தது யார் என்று உனக்கு நான் சொல்லவும் வேண்டுமா? சுகிர்தனின் அப்பா பரராசசிங்கம் அண்ணைதான்.

பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரே விமானத்தால் இறங்கி, அகதி விடுதியில் ஒரே அறையில் ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டவர்கள் அவர்கள் இரண்டு பேரும். நத்தாருக்கு நீயும் சுகிர்தனும் வந்து கலியாண விசயத்தைச் சொன்ன நாளிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அன்றைக்கு அப்பா கையில் கேக்கோடு எழும்பி நின்று சொன்னது என் காதில் இன்னும் கிடக்கிறது. "கோயிலிலை கலியாணம் எண்டால் நான் வாறன். இல்லாட்டி என்னைத் தேடாதேங்கோ." சுகிர்தனின் வீட்டிலோ ஆனி மாதத்துக்குப் பிள்ளையார் மண்டபத்தை ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார்கள். நீ சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனாய். கேக் அப்படியே இருந்தது.

தை மாதக் கடைசி ஞாயிறு பள்ளிக்கூடக் கூட்டம். கணக்கு என் பொறுப்பென்பதால் முன் மேசையில் தலைமை ஆசிரியர் இரத்தினம் மாஸ்டருக்குப் பக்கத்தில் இருந்தேன். இரண்டு மண்டபத்துக்கும் ஒரே வாடகை, ஆகவே என் கணக்குப் புத்தகத்தால் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

அப்பா எழும்பினார். "பங்கு மண்டபத்துக்குப் பக்கத்திலை கிண்டர்கார்டன். சின்னனுகளின்ரை உயரத்துக்குக் கக்கூசு இருக்கு. ட்ராம் வாசலிலை நிக்கும்" என்றார்.

பரராசசிங்கம் அண்ணை அவரைப் பார்க்காமல் மாஸ்டரைப் பார்த்து, "அங்கை ஒரு செத்தவீடு வந்தால் ஜேர்மன்காரர் கோப்பி குடிக்க மண்டபத்தை எடுத்துப் போடுவினம் மாஸ்டர். பிள்ளையள் றோட்டிலை நிண்டோ ஆனா எழுதுறது? எங்கடை மண்டபத்தின்ரை திறப்பு எங்கடை கையிலை" என்றார்.

பின்னாலிருந்து யாரோ, "அங்கை விட்டால் பிள்ளையள் மோதகம் தின்னவே நேரம் காணாது, படிக்கிறது எப்ப?" என்று நக்கலடிக்க, கலாதேவி திரும்பி, "மோதகம் எண்டு தமிழிலை கேட்டு வாங்கித் தின்னட்டும் அண்ணை, அதுவும் படிப்புத்தான்" என்றா. இன்னொருவர், "பங்கு மண்டபத்திலை விட்டால் ஆனா போட முதல் சிலுவை போடப் பழகிடுங்கள்" என்றார். சபை முழுக்கச் சிரித்தது. சிரிக்காத ஆட்கள் இரண்டு பேர்தான்.

கடைசியில் மாஸ்டர் களைத்துப் போனார். அவருக்கு ட்ராமுக்கும் நேரமாகிவிட்டது. "பூர் பள்ளிக்கூடம் எண்டிறவை கையைத் தூக்குங்கோ" என்றார். ஒரு கையும் இல்லை. "அப்ப கோயிலடி மண்டபம்?" என்றார். சபையில் இருந்த அத்தனை கையும் மேலே போனது. என் கையும்தான்.

அப்பா தன் கையைத் தூக்கிக்கொண்டே பரராசசிங்கம் அண்ணையின் கையைப் பார்த்தார். அவரும் இவருடைய கையைப் பார்த்தார். நத்தாருக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டு பேரின் கண்ணும் சந்தித்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா, "பரராசா விட்டுத் தந்திட்டான் பாத்தீரோ? அவன் அப்பிடித்தான், முரண்டு பிடிப்பான், பிறகு விட்டுத் தருவான்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். வாசலில் சப்பாத்துக் கழற்றும்போது, "ஹம்பேர்க்கிலையும் இண்டைக்கு மழையாமோ?" என்றார். உன் ஊர்ப் பெயர் அவர் வாயில் வந்து எத்தனை நாள்! எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் உரிக்கப் போனேன்.

அடுத்த சனிக்கிழமை. அப்பா கரும்பலகையையும் சோக்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நேரத்தோடு பங்கு மண்டபத்துக்குப் போய் ஹீற்றரைப் போட்டு, கதிரைகளை அடுக்கினார். எங்கள் ஆட்களின் பிள்ளைகள் அன்னாவோடு பதினொரு பேர் வந்து இருந்தார்கள். ஆசிரியரைக் காணவில்லை. மற்றப் பிள்ளைகளையும் காணவில்லை. அப்பாவின் முகம் மெல்ல மெல்லக் கறுத்தது. "ஏமாத்திப் போட்டான்" என்று முணுமுணுத்தார். அப்போது அவருடைய கைபேசி அடித்தது. தொழிற்சாலை இயந்திரச் சத்தத்தில் அவருடைய காது மந்தமாகிவிட்டதால் எப்போதும் சத்தமாக வைத்துத்தான் கதைப்பார். பக்கத்தில் நின்ற எனக்கும் எல்லாம் கேட்டது.

"எங்கையடா நிக்கிறாய்?" என்றார் பரராசசிங்கம் அண்ணை. நத்தாருக்குப் பிறகு முதல் வார்த்தை அது.

"கோயிலடியிலை" என்றார் அப்பா.

"பொய் சொல்லாதை. நானும் கோயிலடியிலைதான் நிக்கிறன். மாஸ்டரும் நிக்கிறார். பிள்ளையளும் நிக்கினம். உன்னைத்தான் காணேல்லை, கரும்பலகையையும் காணேல்லை."

உனக்கு விளங்கியிருக்கும் மகள். நாங்கள் கோயில் என்றால் மாதா இருக்கும் இடம். அவர்கள் கோயில் என்றால் பிள்ளையார் இருக்கும் இடம். இந்த நாட்டில் இத்தனை வருசம் ஒன்றாக இருந்தும், ஒரே சொல்லை ஆளுக்கொரு பக்கமாகக் கொண்டுபோய் வைத்திருக்கிறோம் என்பது அன்று வரைக்கும் யாருக்கும் உறைக்கவில்லை. ஒருவரும் விட்டுக் கொடுக்கவில்லை. மற்றவர் விட்டுத் தந்துவிட்டார் என்று இருவரும் ஒரு கிழமை சந்தோசமாக இருந்ததுதான் மிச்சம்.

இனி என்ன வெடிக்கப் போகிறதோ என்று நான் பைக்குள் கையை விட்டுச் செபமாலையைப் பிடித்துக்கொண்டேன். ரெலிபோனில் பரராசசிங்கம் அண்ணை, "அடேய் அருள், உன்ரை கோயிலோ?" என்று இழுத்தார். அப்பா, "ஓமடா, என்ரை கோயில்" என்றார். பிறகு ஒரு சத்தம் வந்தது. அப்பா இருமுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் சிரித்தார் பிள்ளை. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தப் பக்கமும் அதே சிரிப்பு.

ஆசிரியர் அங்கே என்றபடியால் அப்பா பதினொரு பிள்ளைகளையும் ட்ராமில் ஏற்றிக்கொண்டு, கரும்பலகையை இடுப்பில் அணைத்துக்கொண்டு பிள்ளையார் கோயிலடிக்குப் போனார், நானும் கூடப் போனேன். அந்த வாசலுக்கு அவர் போனது அதுதான் முதல் தரம். சப்பாத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றினால், வலது காலுறைக்குள் இருந்து பெருவிரல் வெளியே பார்க்கிறது. எனக்கு நிலத்துக்குள் போகலாம் போல இருந்தது. பரராசசிங்கம் அண்ணை அந்த விரலைப் பார்த்தார். உள்ளே திரும்பி, "றோமாபுரியிலையிருந்து ஆள் வந்திருக்குது, ஒரு கதிரை போடுங்கோ" என்று மட்டும் சத்தம் போட்டார். கலாதேவி தேத்தண்ணி தந்தா. மோதகமும் இருந்தது. அப்பா இரண்டு சாப்பிட்டார்.

போன ஞாயிறு திரும்பவும் கூட்டம் வைத்தார்கள். இந்த முறை மாஸ்டர், "எந்தக் கோயில் எண்டு சொல்லிப்போட்டுக் கையைத் தூக்குங்கோ" என்றார். கடைசியில் முதலாம் வகுப்பு எங்கள் மண்டபத்தில், கக்கூசு உயரம் காரணமாக. இரண்டாம் வகுப்பு அவர்களுடைய மண்டபத்தில். ஆகவே இனி இங்கே தமிழ் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு வாசலாலும் போய்த்தான் மூன்றாம் வகுப்புக்கு வரவேண்டும். இதை முன்மொழிந்தது பரராசசிங்கம் அண்ணை. வழிமொழிந்தது உன் அப்பா.

இனித்தான் நான் எழுத உட்கார்ந்த விசயம்.

இன்று காலை பூசைக்கு வெளிக்கிடும்போது அப்பா கண்ணாடிக்கு முன்னால் நின்று, என்னைப் பார்க்காமல், "நத்தாருக்கு நான் என்ன சொன்னனான்?" என்று கேட்டார். "கோயிலிலை கலியாணம் எண்டால் வாறன் எண்டு சொன்னீங்கள்" என்றேன். "அவ்வளவுதானே? எந்தக் கோயில் எண்டு சொன்னனானோ?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்த வார்த்தை பறந்துவிடும் என்று பயம். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "அவளுக்கு ரெலிபோனிலை சொல்லிப்போடாதையும், பிறகு என்னைப் பகிடி பண்ணுவாள்" என்றார். ரெலிபோனில் சொல்லக்கூடாது என்றுதான் சொன்னார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மகள், உன்னிடம் எதையும் மறைக்கத் தெரியாது எனக்கு. எங்கள் பீடத்துக்கு முன்னால் நீ வெள்ளை உடுப்போடு நிற்பதை நான் நீ பிறந்த அன்றிலிருந்து மனதில் பார்த்து வந்திருக்கிறேன். அந்த ஆசை போகவில்லை. அதை ஆண்டவரிடம் கொடுத்துவிட்டேன், அவர் வைத்துக்கொள்ளட்டும். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் என்னோடு வந்து மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்து. சுகிர்தனும் வந்தால் நல்லது. எங்கள் கோயிலில் சப்பாத்துக் கழற்றத் தேவையில்லை என்று அவருக்குச் சொல்லு.

உயிர்த்த ஞாயிறுக்கு இருவரும் வாருங்கள். அப்பா கூப்பிட மாட்டார், நான் கூப்பிடுகிறேன். வாசலில் நின்று யோசியாமல் உள்ளே வா. உன் நெற்றியிலும் சுகிர்தனின் நெற்றியிலும் இங்கிருந்தே சிலுவை வரைந்து விடுகிறேன். அவர் குறை நினைக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

உன்னைப் பார்த்திருக்கும்
அம்மா புஷ்பமலர்

பி.கு. நேற்று அப்பாவுக்கு இரண்டு சோடி நல்ல கம்பளிக் காலுறை வாங்கினேன். இன்று பூசையால் வந்ததும் அதை வீட்டுக் கணக்கில் "சாண்ட்ரா கலியாணம்" என்று புதுப் பக்கம் திறந்து எழுதினேன். பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. சுகிர்தனிடம் கேட்டு எழுது: அங்கே பெண்ணின் தகப்பன் காலுறையோடு நிற்கலாமோ, அதையும் கழற்ற வேண்டுமோ? நிலம் குளிரும், அவருடைய முழங்காலுக்குக் கூடாது.