நீலக் கூடாரம் வேண்டாம் என்றேன்

இன்று காலை அந்த நீளப் பையைத் திறந்ததும் உப்பும் ஈரத் துணியும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. மழைக்காலம், பூஞ்சை பிடித்துவிடுமோ என்ற பயத்தில் நம் ஆவ்னிங்கை உலர்த்த எடுத்தேன். கேரவன் கதவோரம் நாம் கட்டும் அந்தச் சின்னக் கூடாரத்தைக் கொடியில் போட்டபோது, ஒரு மடிப்பிலிருந்து கடல்மணல் கொட்டியது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "என்னா ஆன்ட்டி, கெம்பிங் போறீங்களா?" என்றாள். "இல்லம்மா, காயப் போடுறேன்" என்றேன். நீ போன பிறகு அதை நான் விரிப்பது இதுதான் முதல் தடவை.

பத்து பெரண்டாம் ஊர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எதிரெதிரே உட்கார்ந்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணைத் தேய்த்தவர்கள் நாம். ஓய்வு பெற்ற பின் மெர்லிமாவில் ஒருவர் விற்ற பழைய கேரவனைச் சேர்ந்து வாங்கினோம். இழுப்பது உன் பிக்கப். ஓட்டுவது நீ, வழி சொல்வது நான். கணவனை இழந்த நீயும் கல்யாணமே செய்துகொள்ளாத நானும் ஊர் சுற்றக் கிளம்புவதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய்.

உள்ளே சமைத்தால் புழுக்கம் தாங்கவில்லை. செருப்பை விடவும் இடமில்லை. அதனால் ஆவ்னிங் வாங்கப் போனோம். கடைத் தம்பி கேரவனின் முழு நீளத்துக்கும் வருகிற பெரியதைக் காட்டினான். "ரெண்டு பொம்பளைங்க, இத எப்படிப்பா தூக்கி நிறுத்துறது? கதவுக்கு முன்னாடி மட்டும் வர்றதக் காட்டு லா" என்றாய். காற்றடைத்து நிற்க வைப்பதும் வேண்டாம், கடற்கரையில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வது, கம்பி வைத்ததே போதும் என்றாய். கேரவன் மேல்விளிம்பில் துணியைச் செருகுகிற காடி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முந்தைய நாளே அளந்து, உள்ளங்கையில் எழுதி வந்திருந்தாய்.

இரண்டு நிறங்கள் இருந்தன. நீ நீலத்தைத் தொட்டாய்.

"கடலுக்கு நல்லா இருக்கும்."

"நீலம் வேணாம்."

"ஏன்டி?"

"வேணாம்னா வேணாம்!"

என் குரல் உயர்ந்ததில் கடைத் தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நீ சாம்பல் நிறத்தை எடுத்தாய்.

முதல் பயணம் பெங்காலான் பாலாக் கடற்கரைக்கு. துணியின் விளிம்பைக் காடியில் செருகி நீ இழுக்க, அது சுருங்காமல் நான் தள்ளிக் கொடுத்தேன். ஆணிகள் மணலில் நிற்கவில்லை. தண்ணீர் டின்களில் கயிற்றைக் கட்டினோம். கூரையை இன்னும் இறுக்கியிருக்க வேண்டும். அது நமக்குத் தெரியவில்லை. மதியம் மழை பிடித்ததும் நடுவில் தண்ணீர் தேங்கி, துணி வயிறு தள்ளித் தொங்கியது. நீ துடைப்பத்தால் முட்டியதும் அத்தனை தண்ணீரும் என் தலையில் கொட்டியது. கம்பி ஒன்று வளைந்து கூடாரமே ஒரு பக்கம் சாய்ந்தது. சட்டி பானையெல்லாம் மணலில். நனைந்த கைலியோடு நாம் இருவரும் படியில் குந்தியிருந்தோம்.

அப்போதுதான் குடை பிடித்தபடி அந்தப் பெண் வந்தாள். கையில் சோற்றுப் பொட்டலங்கள். "ஆன்ட்டி, கோயில் அன்னதானம், மீந்துடுச்சி. நீங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா? பிள்ளைங்க யாரும் பாக்கிறதில்லையா?" என்று மிகவும் அன்பாகக் கேட்டாள்.

நான் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். காது இரண்டும் எரிந்தன. வெளியே நீ சிரித்தபடி, "நாங்க சும்மா சுத்திப் பாக்க வந்தவங்கம்மா. ஆனா சாப்பாடு வேணாம்னு சொல்ல மாட்டோம், குடு" என்பது கேட்டது.

நீ உள்ளே வந்ததும் கத்தினேன். "எதுக்குடி வாங்கின? நாம என்ன பிச்சைக்காரிங்களா?" கத்தியவள் அப்படியே அழுதுவிட்டேன். அன்றுதான் உன்னிடம் சொன்னேன்.

ஜாசின் பக்கம் அப்பா வேலை செய்த ரப்பர் தோட்டம் கைமாறி, கூலியாட்கள் வரிசையாய்க் குடியிருந்த லயத்து வீட்டைவிட்டு எங்களை வெளியேற்றியபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா சாலையோரம் ஒரு நீலக் கன்வாஸைக் கட்டினார். பல வாரம் அதற்குக் கீழேதான் இருந்தோம். பள்ளி பஸ் அந்த வழியாகத்தான் போகும். சன்னலோரம் என் வகுப்புப் பிள்ளைகள் இருப்பார்கள். பஸ் சத்தம் கேட்டதுமே நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். மழை பெய்தால் அந்தக் கன்வாஸும் அப்படித்தான் தொங்கும். அப்பா கம்பால் முட்டுவார். யாராவது சோறு கொண்டுவந்தால் வாங்க என்னைத்தான் அனுப்புவார்கள். வீடு கிடைத்த பிறகு எங்கள் குடும்பத்தில் யாருமே அதைப் பற்றிப் பேசியதில்லை.

"இத்தன வருஷம் எதிர்லயே உக்காந்திருந்தேன். ஏன்டி சொல்லல?" என்றாய்.

"சொன்னா நீ என்னைப் பாவமா பாப்ப."

நீ பொட்டலத்தைப் பிரித்தாய். "பாவமாத்தான் இருக்கு. அதுக்கு என்ன செய்யச் சொல்ற? பசிக்குது, வா."

புளிச்சோறு. இருவரும் பொட்டலத்திலிருந்தே சாப்பிட்டோம். மழை விட்டதும் வளைந்த கம்பியை முழங்காலில் வைத்து நீ நிமிர்த்தினாய்.

என் வெட்கம் அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். அதற்குப் பிறகு நிறைய ஊர் போனோம். தண்ணீர் வழிந்தோடக் கூரையின் ஒரு மூலையைத் தாழ்த்திக் கட்டவும் கற்றுக்கொண்டோம். ஆனால் கூடாரம் எழுந்து நின்றதும் யாராவது பார்க்கிறார்களா என்றுதான் என் கண் முதலில் ஓடும். நீ அதைக் கவனித்திருக்கிறாய். எந்த ஊரிலும் சாலைப் பக்கம் நாற்காலியைப் போட்டு, என்னை மறைத்து நீதான் உட்கார்ந்தாய். "எனக்குக் காத்து வேணும்" என்பாய். காற்று எப்போதும் கடல் பக்கமிருந்துதான் வந்தது.

பிறகு நீ படுத்த படுக்கையானாய். ஆஸ்பத்திரியில் ஒரு மதியம் நான் வந்து நின்ற நேரத்தில் நீ படுக்கையை நனைத்துவிட்டிருந்தாய். தாதி துணி மாற்ற வந்தாள். ஊரே பார்த்தாலும் சிரிப்பவள், என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய்.

"வெளிய போடி. நீ பாக்காத."

உனக்கும் வெட்கம் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கட்டிலைச் சுற்றிய திரை முழுவதும் மூடவில்லை; எதிர்ப் படுக்கைக்காரர்களுக்குத் தெரிகிற அந்த இடைவெளியில் போய் நின்றேன். தாதி துடைத்து முடிக்கும்வரை நகரவில்லை. முகத்தைத் திருப்பாமலே கையை நீட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாய்.

காரியம் முடிந்த அன்று உன் மகன் என்னிடம் கேட்டான். "கடைசியில அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா ஆன்ட்டி? உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒன்னும் இல்லப்பா. நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தா" என்றேன்.

என் சாலையோர நாட்களை நீ ஒருவரிடமும் சொல்லாமல் கொண்டுபோனாய். உன்னுடைய அந்த ஒரு மதியம் என்னிடம் இருக்கிறது. அது என்னோடு போகட்டும்.