வெள்ளை வேட்டியும் விதைச் சாமையும்

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கு, மகள் சரிதா எழுதுவது. ஸ்தோத்திரம். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அங்கே சுகமாக இருக்க ஜெபிக்கிறோம்.

கர்த்தருடைய வருகைக்கு ஆயத்தப்படும் முகாமுக்குப் போனவர்களின் செல்போன்களை வாங்கி ஒரு பெட்டியில் பூட்டிவிட்டார்கள் என்று வண்டி ஓட்டுகிற ராஜேஷ் சொன்ன பிறகுதான், நீங்கள் ஏன் போனை எடுக்கவில்லை என்று புரிந்தது. அதுவரை அம்மா என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள், நான் நம்பரைத் தப்பாக அழுத்துகிறேன் என்று. ராஜேஷ் நாளைக்குப் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு சந்தவாசலுக்கு இறங்குகிறான். இந்தக் கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். முகாம் தகரக் கொட்டகை வாசலில் நிற்கிறவர்களிடம் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

மழை பிடித்துவிட்டது. கருப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. இரண்டும் கிடா. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நீங்கள் குடையை எடுத்துக்கொண்டு போனதால் நாங்கள் யூரியா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய் வருகிறோம். வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படப் போகிறவருக்குக் குடை எதற்கு என்று அம்மா தினமும் கேட்கிறாள்.

ஊரில் எல்லாரும் சாமை விதைத்து முடித்துவிட்டார்கள். நம் கொல்லை மட்டும் உழுதபடியே கிடக்கிறது. உழுதது நானும் அம்மாவும். மாட்டை ஓட்டத் தெரியாமல் நான் போட்ட சால்களைப் பார்த்து, பாம்பு போன தடம் மாதிரி இருக்கிறது என்று முனியம்மா அக்கா சிரித்தாள். சிரிக்கட்டும். உழுத நிலத்தில் போட எங்களிடம் விதை இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

உபவாச ஜெபம் முடிந்த அன்று வந்தவர்களுக்கெல்லாம் சாமைச் சோறு போட்டீர்களே, அதற்கு நீங்களே மில்லுக்குப் போய்த் தீட்டிக்கொண்டு வந்தீர்கள். அம்மாவும் நானும் வடித்துக் கொட்டினோம். அது நொச்சி இலை போட்டு, வாயை மண்ணால் பூசி வைத்திருந்த விதைப் பானையிலிருந்து எடுத்தது என்று அம்மாவுக்குப் பாத்திரம் கழுவும்போதுதான் தெரிந்தது. அம்மா கேட்டதற்கு, "அறுப்புக்கு முன்னாடியே கர்த்தரு வந்துடுவாரு செல்லி, வெதை எதுக்கு?" என்றீர்கள். அவர் வருகிற வரைக்கும் என்ன தின்பது என்று அம்மா கேட்டாள். அதை அவிசுவாசம் என்று சொல்லிவிட்டு, அவரைச் சந்திக்க என்று வாங்கிய புது வெள்ளை வேட்டியை மடித்துப் பையில் வைத்தீர்கள்.

அப்பா, அவர் வருவார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் கண்டதையும் படிக்கிறேன், அதனால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று நீங்கள் முகாமில் ஜெபக் குறிப்பு கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். என் பெயரை அத்தனை பேர் முன்னால் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் ஜெபத்தை நான் யாருக்கும் காட்டிச் செய்கிறதில்லை. ஆனால் செய்கிறேன். அவர் இன்றைக்கே வந்தாலும் வரட்டும் என்றுதான் நானும் இருக்கிறேன். வரும்போது நம் வீடு எப்படி இருக்கும் என்பதுதான் என் கவலை.

நீங்கள் சபையில் சாட்சி சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பீடி குடித்ததைச் சொல்வீர்கள். சாராயம் குடித்ததைச் சொல்வீர்கள். அம்மாவை அடித்ததைக்கூடச் சொல்வீர்கள், அவள் தலையைக் குனிந்துகொள்வாள். எல்லாரும் அல்லேலூயா சொல்வார்கள். புளிய மரத்தடியில் வைத்த நெருப்பைப் பற்றி மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

பழம் உலுக்குவதற்கு முன் சருகைக் கொளுத்துவது எல்லாரும் செய்கிறதுதான். அன்றைக்குக் காற்று திரும்பி, தீ காட்டுக்குள் ஏறிவிட்டது. அதுவும் யாருக்கும் நடக்கக்கூடியது. காட்டு இலாகா ஆட்கள் வந்து கேட்டபோது, நீங்கள் பூபாலன் சித்தப்பா கொல்லைப் பக்கம் கையைக் காட்டினீர்கள். அது யாருக்கும் தானாக நடக்கிறதில்லை. சித்தப்பாவை வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார்கள். ஜெயிலில் இருந்து வந்த பிறகும் வாய்தா வாய்தாவாக அலைந்தார். அந்த வருஷம் அவர் கொல்லை விதைக்காமல் கிடந்தது. வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் ஊரில் இன்னும் அவருக்குக் காடு கொளுத்தி என்றுதான் பெயர்.

ஞானஸ்நானம் எடுத்த அன்று சாயந்திரம் நீங்களாகவே எங்கள் இருவரிடமும் இதைச் சொன்னீர்கள். சித்தப்பாவிடம் எப்போது சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். "கர்த்தருகிட்ட சொல்லிட்டேன், அவரு மன்னிச்சிட்டாரு. பூபாலன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்றீர்கள். அதற்குப் பதிலை இத்தனை நாள் யோசித்து இப்போது சொல்கிறேன். கர்த்தரிடம் சொன்னது சரிதான். ஆனால் செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருந்துவிட்டு வந்தவர் சித்தப்பா. அவர் வீடு நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே போகக் கால் வராமல், மலையிறங்கிப் போய் இரவும் பகலும் முழங்காலில் நின்றால் அது ஆயத்தமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபமாக எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், கோபம்தான்.

கீழே கிடைக்கும் விதை நம் மேட்டுக்கு ஒத்துவராது. அதைப் போட்டு ஒரு வருஷம் வெறும் வைக்கோலை அறுத்தோம். விதை மிச்சம் இருப்பது சித்தப்பா வீட்டில்தான். அதனால் நேற்று அம்மாவுக்குத் தெரியாமல் நான் அங்கே போனேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலில் நின்றபோது சங்கடமாக இருந்தது. பச்சையம்மா சித்தி உள்ளே போய்க் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

சித்தப்பா விதையை ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறார். நம் கொல்லைக்கு வேண்டிய அளவு, புடைத்து, தனி மூட்டையாகக் கட்டி, கதவோரம் சாத்தி வைத்திருக்கிறார். நாங்கள் உழுததைப் பார்த்ததுமே எடுத்து வைத்ததாகச் சித்தி சொன்னாள். நான் முந்தானையை ஏந்தினேன். அவர் கொடுக்கவில்லை. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? விதையை யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டார்கள். கொல்லைக்காரன்தான் வந்து துண்டை ஏந்த வேண்டும். கொடுக்கிறவர் முதல் கையைத் தன் கையால் அள்ளிப் போட வேண்டும். ஏந்துகிறவருக்கும் போடுகிறவருக்கும் நடுவில் மனத்தாங்கல் இருந்தால் அந்த விதை முளைக்காது என்பார்கள். அதையெல்லாம் நீங்கள் பழைய மூடநம்பிக்கை என்று விட்டுவிட்டீர்கள். சித்தப்பா விடவில்லை. பலிபீடத்தில் காணிக்கை வைக்கிறவனுக்கு, முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று வேதத்தில் சொல்லியிருப்பதும் கிட்டத்தட்ட இதேதான் என்று எனக்குத் திரும்பி வரும் வழியில் தோன்றியது.

"எல்லாம் எட்த்து வெச்சிட்டேம்மா. வானத்துக்குப் போறதுக்கு முன்னாடி எங்க வூட்டு வாசலுக்கு ஒரு தரம் வந்துட்டுப் போச் சொல்லு" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்தது. நான் கிளம்பிக் களம் தாண்டிய பிறகு கூப்பிட்டு, "அங்க துன்றதுக்கு இன்னா குடுக்கறாங்க? அண்ணனுக்குப் பச்சரிசி ஒத்துக்காதே" என்று கேட்டார்.

அப்பா, அந்தத் தீக்குப் பிறகு உங்களை அவர் அண்ணன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'உங்கப்பன்' என்பார், இல்லையென்றால் 'மேல்வீட்டுக்காரர்' என்பார். நேற்று அவருக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது. தீ வைத்தது நீங்கள்தான் என்று ஊர் கூடியிருக்கும்போது உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அது கஷ்டம்தான். பீடியைச் சொல்கிற மாதிரி இல்லை. அல்லேலூயா சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். நானும் அம்மாவும் பக்கத்தில் நிற்கிறோம். அம்மாவைக் கேட்காமல்தான் எழுதுகிறேன், ஆனால் அவள் நிற்பாள்.

ஈரம் இருக்கும்போதே வாருங்கள். ராஜேஷ் வண்டி காலியாகத்தான் மேலே ஏறும். கர்த்தர் அதற்கு முன்னால் வந்துவிட்டால், நீங்கள் சித்தப்பா வீட்டுக்கு வந்துகொண்டிருந்த வழியில் உங்களைப் பார்க்கட்டும். அவர் உங்கள் கால்களுக்குப் பெலன் தருவாராக.

நீங்கள் கொடியில் விட்டுப்போன பழுப்புத் துண்டைத் துவைத்து இத்துடன் கொடுத்தனுப்புகிறேன். கிழிசலை அம்மா தைத்திருக்கிறாள், விதை ஒழுகாது.

உங்கள் மகள்,
சரிதா