டயர் சொன்ன டாலர் விலை

அக்கா,

உலகப் புகழ் பெற்ற உன் தம்பி வணங்கி எழுதுவது. மூட்டுவலி தேவலையா? நான் யானைப் பலத்தோடு இருக்கிறேன்.

நான் பிழைக்க வந்த இந்த நாட்டு வங்கியில் ஒரு டாலர் இந்த ஊர்ப் பணத்தில் நாற்பது என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள், கேட்டால் கொடுப்பதில்லை. நிஜ விலையைச் சொல்ல ஊருக்கே பயம். நானே டயரை வைத்துக் கண்டுபிடித்தேன். வெளிநாட்டில் ஐம்பது டாலருக்கு விற்கும் டயர் இங்கே ஐயாயிரம். ஆக, டாலர் நூறு.

“மெதுவாப் பேசுங்கண்ணே, யார் காதுலயாவது விழுந்தா நாளைக்கே நூத்திப்பத்து ஆயிடும்” என்றார் டயர் கடைக்காரர்.

விமான டிக்கெட்டுக்கு டாலர்தான் வேண்டுமாம். வங்கிக் கணக்கில் நான் குபேரன்; டயர் கணக்கில் என் சேமிப்பு பாதி வழிக்குத்தான் காணும், நடுக்கடலில் இறக்கிவிடுவார்கள். அதனால் உன் மகள் கல்யாணத்துக்கு வர முடியவில்லை.

மணி அடிக்கிறது, வேலைக்கு ஓட வேண்டும். போட்டோ எடுக்கும்போது அத்தான் பக்கத்தில் இடம் விடச் சொல். என் தொப்பைக்கு ஒன்றரை ஆள் இடம் வேண்டும்.

உன் தம்பி