பீர்க்கு காய்க்கிறவரை

பிப்ரவரி 6
காகிதக் கப்புகளில் பீர்க்கு விதை ஊன்றினேன். அவர் மவுத்துக்குப் பிறகு, கணவரை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா இருக்கிறேன். வீட்டை விட்டு இறங்கவில்லை.

கீழக்கரையிலிருந்து என் அண்ணன் கௌஸ் காக்கா பேசினார். "இத்தா முடிஞ்சதும் டிக்கெட்டு போட்டுருக்கேன் ருக்கையா. நோன்புப் பெருநாளைக்கு நீ இங்கன இருக்கணும். மச்சானும் இல்ல, துபாய்ல யாரு இருக்கா உனக்கு?"

கேள்வி இல்லை அது. தீர்ப்பு.

என் விசா நான் வேலை பார்க்கும் பத்திரிகை எடுத்துக் கொடுத்தது. அவருடைய விசாவில் நான் ஒருநாளும் இருந்ததில்லை. யாருக்கும் இது ஞாபகம் இல்லை. எனவே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 16
ஒன்றும் முளைக்கவில்லை. தோண்டினேன்: அழுகல். இத்தா என்று பால்கனிக் கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, நாள் முழுக்க ஏசி. வெளியே எங்கள் கராமா பகுதி முழுவதும் இதமான வெயில். நான் விதையைக் குளிரில் புதைத்திருக்கிறேன். செய்தியில் பிழை வந்தால் திருத்தம் போடுவோம். போட்டேன்: புது விதை, ஃபிரிட்ஜின் மேல், அதன் சூட்டில்.

பிப்ரவரி 23
முளைத்துவிட்டது.

மார்ச் 9
நாற்று கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக வேண்டும். எதிர் ஃபிளாட் சந்தியா நைட் டியூட்டி முடிந்து வந்ததும் கப்புகளை வாங்கிப் போய்த் தன் பால்கனி நிழலில் வைத்துத் திருப்பித் தருகிறாள்.

"ஏன்க்கா, நீங்க உள்ள. உங்க பிள்ளைங்க மட்டும் ஊர் சுத்தலாமா?"

சிரித்துவிட்டேன். சத்தமாக.

இத்தா மார்க்கம் சொன்னது, இருக்கிறேன். டிக்கெட் மார்க்கம் சொன்னதில்லை, காக்கா சொன்னது.

மார்ச் 20
இத்தா முடிந்தது. பால்கனிக் கதவைத் திறந்தேன். நாற்றைப் பெரிய தொட்டியில் நட்டேன். காக்காவை நானே அழைத்தேன்.

"நான் வரல காக்கா. பீர்க்கு நட்டிருக்கேன்."

"பீர்க்கங்காயா? இங்கன சந்தையில கூடை கூடையா வாங்கித் தர்றேன், நீ கெளம்பு!"

"அது சந்தைக் காய். இது நான் போட்டது."

போனை வைத்துவிட்டார். தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன். இருபது வருஷமா வேலை பாக்குற ஊரு இது — இங்க நான் விருந்தாளியா என்ன?

மார்ச் 25
காக்கா டிக்கெட் போட்ட விமானம் போயிருக்கும். நான் ஆபீஸ் போனேன்.

ஏப்ரல் 19
பூத்தும் பிஞ்சு நிற்கவில்லை. மூன்றாம் மாடிக்குத் தேனீ வருவதில்லை. பொழுது சாய்ந்து பூ விரிந்ததும் ஆண் பூவைக் கிள்ளி, பெண் பூவில் நானே தடவினேன்.

சந்தியா எட்டிப் பார்த்தாள். "கல்யாணம் பண்ணி வைக்கிறீங்களாக்கா?"

"ஆமா. விருந்துதான் லேட்டா வரும்."

ஜூன் 3
காக்கா பேசினார். அன்று போனை வைத்ததற்குப் பிறகு முதல் தடவை. கத்தவில்லை.

"காய்ச்சுச்சா?"

"காய்ச்சுச்சு. கூட்டு வச்சு சந்தியாவுக்கும் குடுத்தேன்."

பிறகு, "இன்னும் இருக்கா?" என்றார்.

ஒன்று இருக்கிறது. வேண்டுமென்றே பறிக்காமல் விட்டேன். கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை குலுங்குகிறது. செப்டம்பர் கடைசியில் இங்கே வெயில் இறங்கும். அப்போது ஊன்ற வேண்டும்.