மாவு இருக்கும் வீட்டைப் பூட்டினேன், அக்கா

என் உயிர் அக்காவுக்கு,

நல்லா இருக்கியா என்று எழுதத்தான் கை போகிறது. இங்கே நான்கு நாளாக மழை. பகல் மூன்று மணிக்கே இந்த ஒற்றை அறைக் காம்பராவில் லைட்டைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். கூரைத் தகரத்தில் சின்னதாக ஒரு குச்சி விழுந்தாலும் பேனாவை வைத்துவிட்டுக் கதவைப் பார்க்கிறேன். உன் மகள் தர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பைக்குள் உடுப்புகளை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். "மைக் சத்தம் கேட்டா தூக்கிட்டு ஓட லேசா இருக்கும் சித்தி" என்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது?

நாளை காலை மச்சான் மகளைப் பார்க்கக் கொழும்பு ரயிலில் வட்டகொடை ஸ்டேஷனுக்கு வருகிறார். நாளை மறுநாள் தீபாவளி. அவர் வருவதற்குள் ஒரு விஷயத்தை எழுதிவிட வேண்டும். உனக்குத் தெரிந்த விஷயம்தான். உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் அதிரசமே வேண்டாம் என்றுதான் இருந்தேன். கடையில் முறுக்கு வாங்கினால் போதும் என்றேன். உன் மகள் விடவில்லை. "அம்மா செய்றதுதான் வேணும். அம்மா இல்லாட்டி நீங்க செய்யணும்." முன்பள்ளியில் முப்பது பிள்ளைகளை அடக்குகிறவள் நான், இவள் ஒருத்தியிடம் தோற்றுப் போனேன்.

அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போவதற்குள் இடித்துச் சலித்தேன். நீ செய்வதுபோலவே வெல்லத்துக்குப் பதில் கித்துள் மரத்துக் கருப்பட்டி. அம்மாவின் பாட்டி திருச்சிப் பக்கத்திலிருந்து இந்த மலைக்கு வந்த காலத்தில் கைக்குக் கிடைத்தது அதுதான், அதுவே நம் வீட்டு ருசியாகிவிட்டது. பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தேன். மாவும் ஏலக்காயும் சுக்கும் போட்டுக் கிளறி, அம்மாவின் அலுமினியச் சட்டியில் வைத்துத் துணியால் மூடினேன். அதே சட்டிதான் அக்கா. ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. போன வருஷம் மண்ணைத் தோண்டியவர்கள் உனக்கு முன்னால் எடுத்தது அந்தச் சட்டியைத்தான்.

மூடி வைத்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மாவு மூன்று நாள் ஊற வேண்டும். அதுவரை மாவு இருக்கும் வீட்டைப் பூட்டக் கூடாது, ஒரு ஆளாவது காவல் இருக்க வேண்டும், தனியாக விட்டால் மாவு கோபித்துக்கொண்டு எண்ணெயில் பிரிந்து போகும். இதை அம்மா நமக்குச் சொன்னாள், அம்மாவுக்கு அவள் அம்மா சொன்னாள். எலிக்கும் நாய்க்கும் பயந்து யாரோ சொன்னதாக இருக்கும். நாம் அதை அப்படியே பிடித்துக்கொண்டோம். வருஷா வருஷம் நானும் நீயும் முறை போட்டுக் காவல் இருந்தோமே, ஒருநாளாவது ஏன் என்று கேட்டோமா?

போன வருஷமும் இதே மாதிரி மழை. ஆட்டோவில் மைக் கட்டி, தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு கண்டிருக்கிறது, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். நாம் இருவரும் வாசலில் நின்றோம். நீ உள்ளே திரும்பிச் சட்டியைப் பார்த்தாய்.

"மாவு இருக்கே, என்னடி செய்றது?" என்று கேட்டாய்.

"நீ இரு அக்கா. மாவைப் பாத்துக்க. பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். மழை விட்டதும் வந்துர்றேன்" என்றேன்.

சொன்னது நான். ஊரெல்லாம் உன்னைப் பிடிவாதக்காரி என்றது. சொல்லச் சொல்லக் கேட்காமல் இருந்துவிட்டாள் என்று மச்சான் இன்றைக்கும் சொல்லி அழுகிறார். நான் வாயே திறக்கவில்லை. ஏன் சொன்னேன் தெரியுமா? எனக்குப் பயம். யாராவது ஒருத்தர் இருந்தாக வேண்டும் என்றால் அது நானாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். நீ தலையை ஆட்டினாய், பிள்ளைக்குத் தொப்பியைப் போட்டுவிட்டாய். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு எங்களுக்கு மேல் லயத்தில் ஒரு காம்பரா கொடுத்தார்கள். இதற்குப் பின்னாலும் மண்மேடு இருக்கிறது. மலையில் வேறு என்ன இருக்கும்?

முந்தாநாள் மத்தியானம் மறுபடி மைக் வந்தது. மாவு கிளறி இரண்டாம் நாள். என் கால் இரண்டும் வாசலில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டன. சட்டியைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்த்தேன். பிறகு கதவை இழுத்துப் பூட்டினேன். நம் வீட்டில் மாவு இருக்கும்போது பூட்டு விழுந்தது அன்றைக்குத்தான். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பள்ளிக்கூடத்தில் பாய் வாங்க வரிசையில் நின்றேன். பாயோடு திரும்பினால் பிள்ளையைக் காணோம். கழிவறையில் பார்த்தேன், வகுப்பறைகளில் பார்த்தேன். முன்பள்ளிப் பொடியன் ஒருவன், "டீச்சர், தர்ஷினி அக்கா குடையோட மேல போனாங்க" என்றான்.

நான் எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. படிக்கட்டில் இரண்டு தடவை விழுந்தேன். படியை ஒட்டிய வடிகால் கானில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. போன வருஷமும் மண் சரியும் முன் அப்படித்தான் ஓடியது என்று பிற்பாடு சொன்னார்கள். லயத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. நம் காம்பரா வாசலில், பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்து, குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி இங்க வந்த?" கத்தினேன்.

"கதவு பூட்டியிருக்கு சித்தி. வெளிய உக்காந்திருந்தாலும் மாவைத் தனியா விட்டதாகாது தானே?"

"மாவு நாசமாப் போகட்டும்! எந்திரி!"

அவள் எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "அன்னைக்கு அம்மாவ நீங்கதானே இருக்கச் சொன்னீங்க. இந்தத் தடவை உங்கள யாராவது இருக்கச் சொல்லிட்டாங்கன்னா? அதான் நானே வந்துட்டேன்."

அவளுக்குத் தெரியும் அக்கா. அன்றைக்கே கேட்டிருக்கிறாள். ஒரு வருஷமாக என் பக்கத்தில் படுத்து, என் கையால் சாப்பிட்டு, வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறாள். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில், "அப்பாகிட்ட சொன்னியா?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் கேட்கத் தோன்றியது, பார்த்தாயா?

"இல்ல. அப்பா உங்கள ஏசுவாங்க" என்றாள்.

அன்றைக்கு மண் வரவில்லை. மறுநாள் மத்தியானம் அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, இப்போதைக்கு வீட்டுக்குப் போகலாம், மழை கூடினால் திரும்பி வந்துவிடுங்கள் என்றார்கள். கதவைத் திறந்தால் சட்டி வைத்த இடத்தில் இருந்தது. துணிகூட விலகவில்லை.

இன்று காலை எண்ணெய் காய வைத்தேன். மாவு பக்குவமாக ஊறியிருந்தது. வாழையிலைத் துண்டில் தட்டி, முதல் அதிரசத்தை விடும்போது கண்ணை மூடிக்கொண்டு வேண்டினேன். பிரிந்து போ என்று வேண்டினேன் அக்கா. தனியாகக் கிடந்த மாவு இப்படித்தான் ஆகும் என்று ஒன்றாவது உடைந்து கலங்கட்டும், நீ இருந்ததற்கு ஒரு அர்த்தமாவது இருக்கட்டும் என்று வேண்டினேன்.

அது பொங்கி மேலே வந்தது. வட்டம் கலையாமல் சிவந்தது. அடுத்ததும் அப்படியே. கடைசி வரைக்கும் ஒன்றுகூடப் பிரியவில்லை. ஒரு ராத்திரியும் பகலும் யாருமில்லாமல் கிடந்த மாவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. நீ இருந்திருக்கவே வேண்டாம்.

"அம்மா செய்ற மாதிரியே வந்திருக்கு. ஏன் சித்தி அழுவுறீங்க?" என்றாள் உன் மகள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. மண்ணுக்குப் பயம், மழைக்குப் பயம், நாளைக்கு மச்சான் முகத்தைப் பார்க்கப் பயம். தெரிந்தால் பிள்ளையைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாரோ? போனால் நான் கேட்க முடியுமா? ஆனால் இந்தப் பொய்யை அந்தச் சின்ன வயிற்றுக்குள் இன்னும் ஒருநாள் வைத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். நாளை ஸ்டேஷனில், மச்சான் பையைக் கீழே வைப்பதற்கு முன்னால் சொல்லிவிடுவேன். அவர் என்ன முடிவு செய்தாலும் அதிரசத்தைக் கட்டிக் கையில் கொடுப்பேன். இனி மைக் சத்தம் கேட்டால், அடுப்பில் எண்ணெய் கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவேன். எல்லாரும் சேர்ந்துதான் இறங்குவோம். யாரையும் இருக்கச் சொல்ல மாட்டேன்.

உன்னை இருக்கச் சொன்ன,
உன் கூடப் பிறந்த தங்கச்சி