மதிலுக்குள்ளே ஓர் அறை

இன்று பின்னேரம் லா சப்பலில் எங்கள் ஆட்களின் கடையில் கறிவேப்பிலை வாங்கப் போனேன். கடைக்காரர் வாசலிலேயே ஒரு பெட்டியை வைத்து வெட்டித் திறந்தார். நெத்தலிக் கருவாடு. மணம் குப்பென்று அடித்தது. பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணும் கலங்கிவிட்டது. சன்மாலோவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நீர் சொன்ன முதல் வார்த்தை கருவாட்டைப் பற்றித்தானே. கடலைப் பார்த்து மூச்சை நன்றாக இழுத்து, "இதென்ன கடல் அக்கா, கருவாடே மணக்கேல்லை" என்றீர்.

அந்தப் பயணத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஒரு கோடை விடுமுறையில் எங்கள் ஆட்கள் சேர்ந்து லா சப்பலில் இருந்து பஸ் பிடித்துப் போனோம். பழைய கோட்டை நகரம், சுற்றிவர மதில், மூன்று பக்கமும் கடல், கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் என்று ஒழுங்கு செய்தவர் சொல்லியிருந்தார். ஐந்து மணிநேரம் ஓடிப் போய்ச் சேர்ந்தோம். மதிலுக்கு வெளியே மணலில் பாயை விரித்தோம். கட்டுச்சோறு, கட்லட், ரோல்ஸ், பிளாஸ்கில் தேத்தண்ணீர். ஆண்கள் கிரிக்கெட் விளையாடப் போனார்கள். சாப்பிட்டு முடிந்ததும் ஒரு கண் அயர்ந்தோம். கடல் ஏறுவது அங்கே வேகம் என்று எங்களுக்கு யார் சொன்னது? சோற்றுச் சட்டியின் மூடி மிதந்து போக, அதைத் துரத்திக்கொண்டு நீர் முழங்கால் அளவு தண்ணீரில் ஓடினீர். மூடியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது சாரதி ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டார். ஒருவர்கூட மதில் வாசலுக்குள் போகவில்லை. அந்த நகரத்துக்குப் போய், மதிலுக்கு வெளியே சோறு தின்றுவிட்டுத் திரும்பிய கூட்டம் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

பஸ்ஸில் எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். நீர் பாடவில்லை. மதில் மறையும்வரை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதுக்குள்ளை ஆர் இருக்கினம் அக்கா?" என்று கேட்டீர்.

"வெள்ளைக்காரர்தான், வேறை ஆர்?"

"அது தெரியும். எப்பிடி இருக்கினம்?"

உம்முடைய இந்த விடுப்புக் கேட்கும் பழக்கத்துக்கு நான் எத்தனை தரம் உம்மை ஏசியிருப்பேன். வடக்கு ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு வேலைக்கு நாம் இரண்டு பேரும் சோடியாகக் கட்டில் விரித்த காலம் முழுக்க நீர் ஆட்களை விட்டுவைக்கவில்லை. அறையில் யாராவது இருந்துவிட்டால் போதும், உம்முடைய உடைந்த பிரெஞ்சில் தொடங்கிவிடுவீர். எந்த ஊர், அங்கே என்ன சாப்பாடு, மழை எந்த மாதம், பிள்ளைகள் கூட இருக்கிறார்களா. நான் விரிப்பின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். மேற்பார்வை பார்க்கும் மதாம் வந்தால் எனக்கும் சேர்த்தல்லவா பேச்சு விழும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, ஒருவரும் உம்மோடு கோபித்ததில்லை. ஒரு போர்த்துக்கீசக் கிழவர் தன் ஊர் மீன்குழம்பை உமக்குக் கையால் சமைத்துக் காட்டாத குறை.

பஸ் பயணத்துக்குப் பிறகு உமக்கு ஒரே ஆசை பிடித்துவிட்டது. மதிலுக்குள்ளே போக வேண்டும். போய்விட்டு அன்றே திரும்பாமல், உள்ளேயே படுத்து எழும்ப வேண்டும். அதுவும் ஹோட்டலில்.

அதைக் கேட்டு நான் வாயைப் பிளந்தேன். இவ்வளவு வருடமாக மற்றவர்களுக்குக் கட்டில் விரித்தோமே தவிர, இரண்டு பேரும் ஒருநாள்கூட ஹோட்டலில் படுத்ததில்லை. எங்கள் ஆட்கள் ஹோட்டலில் ஏன் படுக்கிறார்கள்? எந்த நாட்டுக்குப் போவதென்றாலும் முதல் கேள்வி, அங்கே யார் இருக்கிறார்கள் என்பதுதானே. லண்டன் என்றால் மச்சாள் வீடு. ஜெர்மனி என்றால் சித்தப்பா வீடு. முறுக்கும் பருத்தித்துறை வடையும் கட்டிக்கொண்டு போய் இறங்குவோம். சோபாவில் படுப்போம். விடிந்ததும் குசினிக்குள் நின்று வெங்காயம் வெட்டுவோம். ஊரில் சொந்தம் இருக்க ஹோட்டலில் படுத்தால் அது அவர்களை முகத்தில் அடித்தது மாதிரி. பத்து வருடத்துக்குக் கதைபேச்சு இராது.

"அக்கா, சன்மாலோவிலை எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. நல்லா விசாரிச்சுப்போட்டன். ஒருத்தருக்கும் கோவம் வராது" என்றீர். அப்படி ஒரு ஊரைக் கண்டுபிடித்த சந்தோஷம் உம்முடைய முகத்தில் இருந்தது.

அதன்பிறகு எங்கள் மத்தியான ஓய்வு நேரம் முழுக்க அறை தேடுவதிலேயே போனது. அழுக்குத் துணி வண்டிகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, உம்முடைய போனில் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்போம். மற்றவர்கள் கடல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நீர் கட்டிலின் மூலையைப் பார்ப்பீர். விரிப்பு மடித்த விதத்திலேயே அங்கே ஆட்களுக்கு நேரம் கொடுக்கிறார்களா, விரட்டி வேலை வாங்குகிறார்களா என்று சொல்லிவிடுவீர். தலையணை ஆறு வைத்திருந்தால், அது எதையோ மறைக்கத்தான் என்பீர். கடற்கரை ஊரில் தரைவிரிப்புப் போட்ட அறை வேண்டவே வேண்டாம், ஈரம் குடித்து மணக்கும்.

மதிலுக்கு வெளியே கடற்கரையோரம் நல்ல பெரிய ஹோட்டல்கள் இருந்தன. லிஃப்ட் இருந்தது. யன்னலைத் திறந்தால் கடல். ரயில் நிலையமும் கிட்ட. நான் அவற்றையே காட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்தவை எல்லாம் ஒடுங்கிய படி, சின்ன அறை, கீழ்த்தட்டில் எடுத்தால் யன்னலுக்கு முன்னால் மதில்தான். மூன்றாம் மாடிக்கு மேலே எடுத்தால்தான் மதிலுக்கு அப்பால் ஏதாவது தெரியும். விடிய முதல் கடற்பறவைகள் புகைக்கூட்டில் இருந்து கத்துகின்றன என்று ஒருவர் குறை எழுதியிருந்தார். அதை வாசித்துவிட்டு, அந்த ஹோட்டலையே எடுப்போம் என்றீர்.

இப்போது நான் உமக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நீர் உயிரோடு இருந்தபோது சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. சன்மாலோவில் எங்கள் ஆட்கள் இல்லைத்தான். ஆனால் ஒரு மணிநேரம் தள்ளி, ரென் நகரத்தில், என் மனுசனுடைய ஒன்றுவிட்ட தங்கச்சி இருக்கிறாள். எனக்கு மச்சாள். சன்மாலோ ரயில் அவளுடைய ஊரைத் தாண்டித்தான் போகிறது. பிறகு தெரியவந்தால் பிரச்சினை என்று நான் பயந்து, உமக்குத் தெரியாமல் அவளுக்கு ஒரு சொல் சொல்லி வைத்தேன். அவ்வளவுதான். "வீடு கிடக்க ஹோட்டல்லையோ படுக்கப் போறியள்? ஆக்கள் கேட்டா நாங்கள் என்னெண்டு சொல்லுறது?" என்று அவள் பிடிவாதமாக நிற்க, நான் பயணத்தையே தள்ளிப்போட்டேன். முதல் வருடம் இவருக்கு லீவு இல்லை என்று உமக்குச் சொன்னேன். அடுத்த வருடம் மகள் சோதனை எழுதுகிறாள் என்றேன். இரண்டும் பொய். நீர் நம்பினீர். எல்லோரிடமும் துருவித் துருவிக் கேட்கிற நீர் என்னிடம் மட்டும் மறுகேள்வி கேட்கவில்லை.

மூன்றாம் வருடம் உமக்கு வருத்தம் வந்துவிட்டது.

பொபினி ஆஸ்பத்திரிக்கு நான் ஸ்தேனில் என் வீட்டில் இருந்து ஒன்றுவிட்டு ஒருநாள் வருவேன். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டும் நீர் சன்மாலோவைத்தான் வாசித்தீர். ஒருநாள் நான் உள்ளே வந்ததும் வராததுமாக எழும்பி இருந்துகொண்டு சொன்னீர். அது பழைய நகரமே இல்லையாம். இரண்டாம் உலக யுத்தத்தில் உள்ளே இருந்த வீடுகள் எல்லாம் எரிந்து விழுந்துவிட்டனவாம். மதில் மட்டும் தப்பி நின்றதாம். பிறகு அந்தக் கல்லுகளையே பொறுக்கி, பழையபடி தெரியும் மாதிரி எல்லாவற்றையும் திருப்பிக் கட்டினார்களாம்.

"அப்ப நாங்கள் ஏமாந்திட்டம்" என்றேன் நான்.

நீர் தலையாட்டி மறுத்தீர். "அதே ஆக்கள் அதே வீட்டுக்குத் திரும்பி வந்தவையோ அக்கா? அதை ஒருத்தரும் எழுதேல்லை. அங்கை இருக்கிற ஆக்களைத்தான் கேக்க வேணும். வெளியிலை படுத்தா ஆரைக் கேக்கிறது? நீங்கள் அறை பதியிற அந்தப் பொத்தானை அமத்துங்கோ."

"முதல்ல சுகமா வாரும், பிறகு பாப்பம்" என்றேன். சுகம் வராது என்று எனக்கு அப்போதே தெரியும். உமக்கும் தெரியும். அந்தப் பொத்தானை அன்றைக்கு அமத்தியிருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்? நீர் போகாவிட்டாலும், பதிவு செய்த அறை ஒன்று உமக்கென்று அங்கே இருந்திருக்கும். மார்கழியில் நீர் போய்விட்டீர்.

வெள்ளிக்கிழமையில் இருந்து எனக்கு லீவு. சன்மாலோவுக்குத்தான் போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், ரென் மச்சாளும் தன் வீட்டில் அறையை ஒழுங்கு செய்துவிட்டாள். மகள் வழக்கம்போலப் பிரெஞ்சில், அறுபது வயதில் தனியாக ஹோட்டலில் இருந்து என்ன செய்யப் போகிறாய் அம்மா, மாமி வீட்டில் நில் என்கிறாள். கருவாட்டு மணம் இன்னும் சேலையில் இருக்கிறது. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உள்ளே ஒரு ஹோட்டலில் மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அறை காட்டுகிறது. தரைவிரிப்பு இல்லை. தலையணை இரண்டே இரண்டு.

அமத்திவிட்டேன். மச்சாளுக்கும் எடுத்துச் சொல்லிவிட்டேன், திரும்பி வரும்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று. அவள் பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

மிச்சத்தை மதிலுக்குள்ளே இருந்து எழுதுகிறேன்.

படி நான் பயந்ததைவிட மோசம். முழங்கால் இரண்டும் கெஞ்சின. அறை எங்கள் ஹோட்டலின் குளியலறையைவிடக் கொஞ்சம் பெரிது. உம்முடைய பழக்கத்தில் முதலில் கட்டில் மூலையைத்தான் தூக்கிப் பார்த்தேன். நல்ல வேலை, நிதானமாக மடித்திருக்கிறாள். யாரென்று தெரியாத அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது. யன்னலால் மதில் தெரிகிறது, மதிலுக்கு மேலே ஒரு கீற்றுக் கடலும் தெரிகிறது. கடற்பறவைகள் அந்த மனிதர் எழுதியது போலவே கத்துகின்றன. நேற்று மதிலுக்கு மேலாக ஒரு சுற்று நடந்தேன். நாங்கள் பாய் விரித்த மணல் மேலே இருந்து பார்க்க நன்றாகத் தெரிந்தது. அங்கே இருந்து வாசலுக்கு ஐந்து நிமிட நடைதான்.

இன்று காலைச் சாப்பாட்டின்போது ஹோட்டல்காரரிடம் கேட்டேன். அறுபது வயது மதிக்கலாம், இந்த ஊரிலேயே பிறந்தவர். ஒத்திகை பார்த்து வைத்த பிரெஞ்சு எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. எப்படியோ கேட்டுவிட்டேன். அதே ஆட்கள் அதே வீட்டுக்குத் திரும்பி வந்தார்களா?

அவர் கோப்பிக் கேத்தலை மேசையில் வைத்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தார். சிலர் வந்தார்கள் என்றார். பலர் வரவில்லை. அவருடைய அம்மா அப்போது சின்னப் பிள்ளையாம். வெளியே பலகைக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்துவிட்டு, அதே தெருவுக்கு, அதே இடத்தில் எழும்பிய வீட்டுக்கு வந்தார்களாம். எந்தக் கல் எந்த வீட்டுடையது என்று ஒருவருக்கும் தெரியாது. பார்வைக்குப் பழைய வீடு மாதிரியேதான். ஆனால் அறைகள் மாறியிருந்தன. இருட்டினால் அம்மா லைற் சுவிச்சைப் பழைய சுவரில்தான் தடவித் தேடுவாராம். கிழவியாகும்வரை அப்படித்தானாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஏன் கேட்கிறீர்கள் என்றார்.

என் சிநேகிதி கேட்டு வரச் சொன்னவ என்றேன். எங்கள் நாட்டில் அவவுடைய வீடும் யுத்தத்தில் விழுந்தது, அவவும் அதன்பிறகு அங்கே போகவில்லை என்றேன்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நீர் நிறுத்தியிருக்க மாட்டீர். ஆகவே அடுத்ததையும் கேட்டேன். திரும்பி வந்தது அம்மாவுக்குச் சந்தோஷமாக இருந்ததா?

அவர் ரொட்டித் துண்டுகளை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினார். பிறகு, "அதை நான் அம்மாவிடம் ஒருநாளும் கேட்கவில்லை, மதாம்" என்றார்.

மேலே வந்து கட்டிலில் இருந்தேன். ஒரு விரிப்பின் இரண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு முகம் நின்றிருக்கிறோம், வருடக்கணக்காக. நீர் உலகத்தில் உள்ள எல்லோரையும் கேட்டீர். உம்முடைய வீடு விழுந்தது எனக்குத் தெரியும். எந்த மாதம் என்றுகூடத் தெரியும். உமக்குத் திரும்பிப் போக விருப்பமா என்று நான் உம்மிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பீரோ, இல்லை என்றிருப்பீரோ. எனக்குத் தெரியவில்லை.